காளவாசல் டு காரையார்: செல்போனுக்குள் வாழும் கடைசி ராஜா!

மதுரைக்காரர்களுக்கு ராஜாக்களின் படம் புதிதல்ல. காளவாசல் சுற்றுவட்டாரத்தில் ஒரு முகூர்த்த நாளில் சுற்றி வந்தால் போதும். காதுகுத்து, கல்யாண ஃப்ளெக்ஸ்களில் கிரீடமும் சிம்மாசனமுமாக நாலைந்து ராஜாக்களையாவது பார்த்துவிடலாம். முகம் மட்டும்தான் விசேஷ வீட்டுக்காரருடையது. மிச்சமெல்லாம் கம்ப்யூட்டர் உபயம்!

ஆனால், கம்ப்யூட்டர் தொடாத ஒரு ராஜாவை மக்கள் நேரில் நின்று படமெடுத்த இடம் ஒன்று உண்டு. காளவாசலில் பைபாஸ் ரோட்டைப் பிடித்து, திருமங்கலம், விருதுநகர், கோவில்பட்டி தாண்டி, திருநெல்வேலியில் மேற்கே திரும்ப வேண்டும். அம்பாசமுத்திரம், பாபநாசம் வழியாக மலையேறினால் காரையார். மொத்தம் சுமார் 200 கிலோமீட்டர். தாமிரபரணிக் கரையில், முண்டந்துறை புலிகள் காப்பகக் காட்டுக்குள் இருக்கிறது சொரிமுத்து அய்யனார் கோயில்.

இங்கே ஆடி அமாவாசைதான் பெரிய திருவிழா. குடும்பம் குடும்பமாக வந்து தங்கி, ஆற்றில் குளித்து, பொங்கலிடுவார்கள். அன்றைக்கு, தலைப்பாகையும் ராஜ உடையுமாக வந்து அமர்வார் சிங்கம்பட்டி ஜமீன்தார் டி.என்.எஸ்.முருகதாஸ் தீர்த்தபதி. கூட்டத்தில் செல்போன்கள் உயரும்.

1931-ல் பிறந்த அவருக்குச் சிறு பிள்ளையாக இருந்தபோதே முடிசூட்டினார்கள். அதற்கு முன்பே, 1929-ல், ஜமீனின் மலைக்காட்டில் எட்டாயிரம் ஏக்கருக்கும் மேல் 99 வருட குத்தகைக்குப் போயிருந்தது. அதுதான் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம். 1948-ல் சென்னை மாகாணத்தின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன்பின் அதிகாரமும் போனது. மிஞ்சியது அரண்மனை, கோயில் மரியாதை, அந்த ஒருநாள் உடை.

ஐரோப்பாவிலும் இப்படித்தான். ஜெர்மனியில் 1919-லேயே பிரபுக்களின் சலுகைகளை ஒழித்துவிட்டார்கள். பட்டம் வெறும் பெயரின் பகுதியானது. பிரிட்டனில் இன்னும் மன்னர் இருக்கிறார். 2023-ல் மூன்றாம் சார்லஸ் முடிசூடியபோது, அதிகாரபூர்வப் படத்தை அரண்மனையில் வைத்து எடுத்தவர் ஹ்யூகோ பர்னாண்ட் என்ற புகைப்படக் கலைஞர். காரையாரில் அப்படித் தனி போட்டோகிராபர் தேவைப்படவில்லை. குழந்தையைத் தோளில் தூக்கிவைத்திருந்தவரும் எடுத்தார், பொங்கல் பானையை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்தவரும் எடுத்தார்.

ஆட்சி இல்லாத ராஜாவுக்குத் தோற்றம்தான் மரியாதை. அதனால்தான் 2011-ல் வந்த 'அவன் இவன்' படம், ஜமீனையும் கோயிலையும் தவறாகக் காட்டியதாகச் சொல்லி ஜமீன் குடும்பம் நீதிமன்றம் வரை போனது. வெளியூர்க்காரர்களுக்கு அது ஒரு சினிமா பாத்திரம். சிங்கம்பட்டிக்காரர்களுக்கு அது அவர்கள் வருஷா வருஷம் கும்பிட்ட முகம்.

2020 மே 24-ம் தேதி தீர்த்தபதி காலமானார். தமிழகத்தில் முடிசூட்டிக்கொண்ட கடைசி ஜமீன்தார் என்று செய்திகள் எழுதின. மன்னர்களின் படம் அரண்மனைச் சுவரில் தொங்கும் என்பார்கள். இவருடைய கடைசிக் காலப் படங்களோ, மதுரையிலும் நெல்லையிலும் தென்காசியிலும் யார் யாருடைய போனிலோ கிடக்கின்றன. போன் மாறும்போது அவையும் அழிந்துபோகும்.

ஆடி அமாவாசைக்குக் காரையார் போய்வந்த குடும்பமா நீங்கள்? பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன் ஒருமுறை கேலரியைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் பக்கத்து ஸ்டூடியோவில் ஒரு பிரின்ட் போட்டு, பின்னால் வருஷத்தை எழுதி வையுங்கள். பேரன், பேத்திகள் 'நிஜ ராஜா எப்படி இருப்பார்?' என்று கேட்டால், ஃப்ளெக்ஸைக் காட்ட வேண்டியதில்லை!