ஓரமும் இடைவெளியும்

ஒரு பக்கத்தைப் பார்க்கும்போது எழுத்துகளையே பார்ப்பதாக எண்ணுகிறோம். அவற்றைக் கண்ணுக்குப் பிரித்துக் காட்டுவதோ சுற்றியுள்ள வெண்மை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே, வரிக்கும் வரிக்கும் நடுவே, நான்கு ஓரங்களிலும் அது அமைதியாகத் தொண்டு செய்கிறது. அமைதியாக இருப்பவர்களிடம்தான் உலகம் முதலில் கை வைக்கும். இடம் போதாதபோது நாம் முதலில் குறைப்பதும் இந்த வெண்மையைத்தான்.

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குச் செல்லும் சாலையில் திரிங்காப் இருக்கிறது. இன்று சாலையோரமெங்கும் காய்கறித் தோட்டங்களின் நெகிழிக் கூரைகள். சுங்கை பாலாஸ் போன்ற தேயிலைத் தோட்டங்கள் இப்பகுதி மலைகளில் பசுமை மாறாமல் விளங்குகின்றன. அங்கே கொழுந்து கிள்ளிய நம் தமிழ்க் குடும்பங்கள் பல, ஊர் மாறிப் போய்விட்டன. எஞ்சியிருக்கும் முதியோரின் நினைவுகளைத் தொகுத்து ஒரு சிறு நூலாக்க நண்பர்கள் சிலர் முனைந்தோம். கணினியில் பக்கம் அமைக்கும் பணி என்னிடம் வந்தது.

பக்கம் 148 மில்லிமீட்டர் அகலமும் 210 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. எழுத்து 12 பாயிண்ட். மேலும் கீழும் 18 மில்லிமீட்டர் ஓரம் விட்டால், 18 பாயிண்ட் வரியிடைவெளியில் பக்கத்திற்கு 27 வரிகள் அமையும். அதையே 15 பாயிண்டாக நெருக்கினால் 32 வரிகள் கொள்ளும். நூல் 16 பக்க மடிப்புகளாக அச்சாவது. நெருக்கிய அமைப்பில் 64 பக்கம், நான்கு மடிப்புகளில் அடங்கிவிடும். தாராளமாக விட்டால் 76 பக்கமாகி ஐந்தாவது மடிப்பையும் கேட்கும். அச்சகத்தார் நெருக்கச் சொன்னார். கையில் இருந்த நன்கொடைப் பணமும் அதையே சொல்லிற்று.

இந்த இழுபறி தமிழ் அச்சுக்குப் புதிதன்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் நடத்தியபோது, செருமானிய நாட்டு ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியனவாக இருந்தன. தாள் விரைந்து தீர்ந்தது. அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டனர். 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாயிற்று. அதற்கும் முன்னே ஓலைச்சுவடியைப் பாருங்கள். சொற்களுக்கிடையே இடைவெளியில்லை, ஓலை கிழியாதிருக்கப் புள்ளியும் பெரும்பாலும் இல்லை. படிப்பவர் யாப்பறிந்து, பொருளறிந்து, தாமே பிரித்துக்கொள்ள வேண்டும். ஆயினும் அந்தச் சிக்கன உலகத்திலும் இரு பக்க ஓரங்களையும், கயிறு கோக்கும் துளையைச் சுற்றிய இடத்தையும் எழுதாமல் விட்டார்கள். ஓரம் உதிரும், கயிறு தேய்க்கும் என்று அவர்களுக்குத் தெரியும். எழுத்து பிழைத்திருக்க வேண்டுமானால் அதைச் சுற்றி வெற்றிடம் வேண்டும்.

ஈய எழுத்துக் காலத்தில் வரிகளுக்கு நடுவே ஈயப் பட்டைகளைச் செருகி இடைவெளி அமைத்தார்கள். இடைவெளிக்கு அன்று கையில் உணரும் எடை இருந்தது. இன்று அது ஓர் எண். நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1980களில் முரசு மென்பொருளை உருவாக்கினார். தமிழர் பலர் தம் மேசையிலேயே தமிழைக் கோக்க அது வழி செய்தது. ஆனால் பக்க அமைப்பு மென்பொருள்கள் பலவற்றில் தொடக்கத்திலேயே வரும் அளவுகள் உரோம எழுத்தை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை. நம் எழுத்தின் இயல்பு வேறு. ஒற்றின் புள்ளியும் இகர, ஈகாரக் கொக்கிகளும் மேலே எழும். உகர, ஊகாரச் சுழிகள் கீழே இறங்கும். வரியின் உயரத்தை மாறாத ஓர் எண்ணாகக் குறுக்கிவிட்டால், சில மென்பொருள்களில் புள்ளியின் தலை வெட்டுப்படும். “பல்” என்பது “பல” ஆகிவிடும். இலக்கணம் பிழையின்றி எழுதியவனும் அச்சில் பிழை செய்தவனாவான்.

எது தகும் என்று முடிவு செய்ய, இரு அமைப்புகளிலும் சில பக்கங்களை அச்சிட்டு, நூலில் இடம்பெறும் ஒரு மூதாட்டியிடம் கொண்டு சென்றோம். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர் அவர். விரலை வரியின் கீழே வைத்து, உதடசைத்துப் படிப்பார். முதலில் நெருக்கிய பக்கம். அவர் சிறுமியாக இருந்தபோது தம்பிக்குக் கடுங்காய்ச்சல் கண்டதும், அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியதும் அதில் இருந்தன. ஒரு வரி “அந்தக் குழந்தை” என்று முடிந்தது. அடுத்த வரி, “பிழைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக் குழந்தையோ அன்றிரவே” என்பது. அதற்கடுத்தது, “இறந்துபோனது” என்று தொடங்கிற்று. விரலின் தடிமனுக்குள் ஒரு வரி மறைந்தது. பாட்டி, “அந்தக் குழந்தை இறந்துபோனது” என்று படித்து நிமிர்ந்தார். “என் தம்பி சாகலையே, வாத்தியாரே! போன தீபாவளிக்குக்கூட வந்துட்டுப் போனானே!” என்றார்.

சிரித்தோம். ஆனால் தம் வாழ்வைத் தாமே சொன்னவர், அதைத் தாமே படிக்க முடியாமல் போகிற நூல் யாருக்காக? அகன்ற வரிகளில் அதே பகுதியை அவர் தடையின்றிப் படித்தார். வண்ண அட்டையைக் கைவிட்டோம். 80 பக்கம் என்று முடிவாயிற்று. மிஞ்சிய நான்கு பக்கங்களில் பழைய நிழற்படங்கள் அமர்ந்தன.

சட்டக்கோடுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முதியோரின் சிறப்பான கூற்றுகளைக் கட்டத்துக்குள் அமைத்தோம். கோடு எழுத்தை ஒட்டி நின்றால், புள்ளி கோட்டில் கரைகிறது. கொக்கி கோட்டைக் குத்துகிறது. கோட்டுக்கும் எழுத்துக்கும் நடுவே 6 பாயிண்ட் விட்டதும் கூற்று மூச்சுவிட்டது. தடித்த கோடு, இரட்டைக் கோடு, பூக்கோடு என அடுக்க வேண்டியதில்லை. மெல்லிய ஒரு கோடே போதும். நூலின் தையல் பக்கத்து ஓரத்தை வெளி ஓரத்தினும் கூடுதலாக விடுவதும் இன்றியமையாதது. இல்லையேல் வரியின் முனை மடிப்புக்குள் புதைந்துபோகும்.

ஆசிரியர்கள் பயிற்சித்தாள் அமைக்கையில் இவற்றை நினைவிற்கொள்வது நலம். ஒரு தாளை மிச்சப்படுத்த இருபது வினாக்களை நெருக்குகிறோம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தை வரி தவறினால், அதற்குத் தமிழ் வரவில்லை என்று முடிவு கட்டுகிறோம். தடுமாறியது குழந்தையின் அறிவா, நாம் அமைத்த பக்கமா என்று ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம். மாணவர்களும் இடைவெளிக்காக வெற்று வரிகளைத் தட்டிக்கொண்டே போகாமல், பத்தியின் பின் இவ்வளவு என்று அளவு வகுத்துப் பழகினால், ஒரு சொல்லை மாற்றும்போது பக்கம் குலையாது.

தேயிலைச் செடிகளை நிரை நிரையாக நட்டவர்கள், நிரைக்கு நடுவே கூடையோடு ஓர் ஆள் நடக்க வழி விட்டார்கள். அந்த வழியிலும் செடி நட்டிருந்தால் செடிகளின் எண்ணிக்கை கூடியிருக்கும். கொழுந்து கிள்ள ஆள் நுழைந்திருக்க முடியாது. பக்கத்தின் இடைவெளியும் அத்தகையதே. அது படிப்பவர் நடந்து வருவதற்காக விடப்பட்ட வழி.