இரைச்சல்

ஆனிச் சாரலில் நனைந்து வந்த 50 பிள்ளைகள் ஒரே அறையில் உட்கார்ந்தால் ஒரு வாடை எழும், ஈரத் துப்பட்டா, சொட்டும் குடை, தேங்காய் எண்ணெய், டிபன் டப்பாவில் கசியும் புளியோதரை எல்லாம் கலந்த வாடை, அதன் நடுவே நின்றுகொண்டு போன வாரம் ஒரு கேள்வி கேட்டேன், எலுமிச்சை விலை சித்திரையில் ஏன் ஏறுகிறது என்று. பொருளாதாரம் முதலாண்டு வகுப்பு, புளியங்குடியிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் சுரண்டையிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள், அவரவர் வீட்டில் கல்லூரிப் படியை முதன்முதலாக மிதித்தவர்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மலை மேகத்துக்குள் போயிருந்தது, ஈரக்காற்று முகத்தில் அடித்தது, எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

குற்றாலத்துப் பேரருவிக்கு ஆச்சி என்னைக் கூட்டிப்போவாள், விடியுமுன், தலை நிறைய நல்லெண்ணெயும் சீயக்காய்த்தூள் பொட்டலமுமாக. வீட்டில் ஆச்சியின் குரலைக் கேட்டவர்கள் குறைவு, தாத்தாவிடம் பேசுவதென்றால்கூடக் கதவுநிலைக்குப் பின்னால் நின்று பாதிச் சொல்லை விழுங்கித்தான் பேசுவாள். அந்த ஆச்சி அருவிக்கடியில் தலையைக் கொடுத்ததும் “ஓ”வென்று கத்துவாள், பக்கத்தில் நிற்கும் பெண்களும் கத்துவார்கள், தண்ணீரின் இரைச்சலில் யார் கத்தியதும் யார் காதிலும் விழாது. “பயப்படாம சத்தம் போடுளா, ஒருத்திக்கும் கேக்காது” என்று என் காதோடு வாய் வைத்துச் சொன்னது இன்றும் வெதுவெதுப்பாக நிற்கிறது. வெளியே வந்து தலை துவட்டி, சுக்குக் காப்பி குடிக்கிறபோது ஆச்சி கொஞ்ச நேரம் நன்றாகப் பேசுவாள், வீடு வந்து சேர்கிறவரை. இப்போது அருவியில் கம்பித் தடுப்பும் வரிசையும் வந்துவிட்டன, நனைவதற்குள் விசில் ஊதி நகரச் சொல்கிறார்கள், ஆசை தீரக் கத்த நேரமில்லை.

தாத்தா படித்தது மேலகரத்தில், திண்ணைப் பள்ளிக்கூடத்தில். மணலில் விரலால் எழுதி, எழுதியதை எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் உரக்கச் சொல்வார்களாம், தெரு முழுக்கக் கேட்கும் அந்த இரைச்சலுக்குள் ஒரு பையன் தப்பாகச் சொன்னால் பக்கத்துப் பையனுக்கு மட்டும்தான் தெரியும், அவன் திருத்திவிடுவான், வாத்தியார்வரை போகாது. சென்னை எழும்பூரில் 1789-இல் ஆண்பிள்ளைகளின் அனாதை விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் இப்படிப்பட்ட ஒரு பள்ளியைப் பார்த்துத்தான் பிள்ளைகளையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார், ஊர் திரும்பி 1797-இல் லண்டனில் புத்தகம் போட்டார், மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது உலகம் சுற்றியது. நம் தெருவில் அது நின்றுபோனது.

தாத்தா எங்களைக் கேள்வி கேட்கும் விதமே வேறு. கேட்டுவிட்டு வெற்றிலைச் செல்லத்தைத் திறப்பார், காம்பு கிள்ளி, முதுகு நரம்பை உரித்து, சுண்ணாம்பை நகத்தால் வழித்துத் தடவி, மடித்து வாயில் போடும்வரை எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார், அதற்குள் எப்படியோ பதில் வந்துவிடும். இந்தப் பொறுமையை ரசிகமணி டி.கே.சி.யிடம் கற்றேன் என்பார். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை வீட்டில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டம் நடத்திய டி.கே.சி., கடைசிக் காலத்தில் குற்றாலத்தில் இருந்து 1954-இல் மறைந்தார். கம்பன் பாட்டு ஒன்றையே நிறுத்தி, திரும்பத் திரும்பச் சொல்லி, கேட்கிறவர் மனசில் அது தானாக ஊறட்டும் என்று விடுவார், தமிழ் படிக்காதவர்கூட அங்கே தலையாட்டிக்கொண்டிருப்பார்.

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களில் இந்தப் பொறுமையையே கடிகாரம் வைத்து அளந்தார், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக 1 விநாடிதான் பொறுக்கிறார்கள், அதை 3 விநாடியாக நீட்டினால் பதில்கள் நீள்கின்றன, தெரியாது என்பது குறைகிறது, வாய் மூடியிருந்தவர்களும் பேசுகிறார்கள். எங்கள் கல்லூரிகளில் திரையில் ஸ்லைடு ஓடுகிறது, பிள்ளைகள் அதைப் போனில் படம் பிடித்துக்கொள்கிறார்கள், வகுப்பில் சத்தம் கேட்டால் வராந்தாவிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கிறது, சத்தமில்லாத வகுப்பே நல்ல வகுப்பு என்று நாங்களே நம்பத் தொடங்கிவிட்டோம், இது பெரிய தப்பு.

அன்று நான் பெயர் சொல்லி யாரையும் எழுப்பவில்லை, அவரவர் பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிஷம் பேசுங்கள் என்றேன், பேசும்போது திரும்பி நின்று கரும்பலகையைத் துடைத்தேன், அந்த நேரத்துக்கு அதுதான் எனக்கு வெற்றிலைச் செல்லம். முதலில் கிசுகிசு, பிறகு முணுமுணுப்பு, பிறகு அறை முழுக்க இரைச்சல், அருவிக்கடியில் நிற்பதுபோல் இருந்தது. அது அடங்கியதும் கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள், அப்பா எலுமிச்சைக் கமிஷன் கடையில் மூட்டை தூக்குகிறவராம், “கோடையில காய்ப்பு கம்மி மேடம், குடிக்கிறவங்க ஜாஸ்தி, ரெண்டும் ஒண்ணாச் சேருது, ஐப்பசியில மழை பெஞ்சா ரெண்டும் தலைகீழ்” என்றாள். தேவை, அளிப்பு இரண்டையும் நான் இரண்டு நாள் வைத்து நடத்துவேன்.

மணி அடித்தபோது 14 பேர் பேசியிருந்தார்கள். மீதி 36 பேருக்கு ஐப்பசி வரை வகுப்பு இருக்கிறது.