இருமுறை மணியடிக்கும் நகரம்

ஆப்பிரிக்காவின் கீழ்க்கரைக்கு அப்பால், இந்துமாக் கடலில் சிதறிக் கிடக்கும் சீஷெல்ஸ் தீவுகளின் தலைநகரம் விக்டோரியா. உலகின் மிகச் சிறிய தலைநகரங்களுள் ஒன்று. வாழ்வோர் சுமார் 25,000 பேர். பின்னே கருங்கல் மலைகள், முன்னே துறைமுகம். அரை நாளில் நடந்தே பார்த்துவிடலாம். அவ்வாறே நாமும் நடந்தோம்.

நகரின் நடுவே வெள்ளி வண்ணம் பூசிய சிறு மணிக்கூண்டு நிற்கிறது. லண்டனிலுள்ள ஒரு மணிக்கூண்டைப் பார்த்துச் செய்த இதனை, மொரீசியசிலிருந்து பிரிந்து இத்தீவுகள் தனிக் குடியேற்ற நாடான 1903ஆம் ஆண்டில் நிறுவினர். அமலோற்பவ அன்னை பேராலயத்தின் கடிகாரமோ ஒவ்வொரு மணியையும் இருமுறை அடிக்கும். முதன்முறை எண்ணத் தவறியவர்க்கு மறுமுறை! அவசரமற்ற ஊருக்கு ஏற்ற வழக்கமே. சந்தையில் மீன் நறுக்குவோரின் காலடியில் வெண்கொக்குகள் அச்சமின்றி உலவுகின்றன.

இவ்வூரின் ஆட்சி மாற்றங்கூட அமைதியாகவே நிகழ்ந்தது. பிரெஞ்சு ஆளுநர் கென்சி, ஆங்கிலேயப் போர்க்கப்பல் வந்ததும் சரணடைவார். அது மறைந்ததும் பிரெஞ்சுக் கொடி மீண்டும் ஏறும். 1794 முதல் பலமுறை இவ்வாறு நடந்தது. 1814இல் பாரிஸ் உடன்படிக்கையின்படி தீவுகள் பிரிட்டனுக்கு உரியனவாயின. கென்சியோ ஆங்கில அரசின் நீதிபதியாக அங்கேயே வாழ்ந்து, 1827இல் காலமானார். 1841இல் நகருக்கு அரசி விக்டோரியாவின் பெயர் இடப்பட்டது.

இவ்வளவும் சிரித்துக்கொண்டே கேட்கத்தக்க கதை. ஆனால் இதே மண்ணில் சிரிப்பதற்கியலாத மற்றொரு வரலாறும் உண்டு.

துறைமுகத்துக்கு எதிரே கண்ணுக்கெட்டிய தொலைவில் புனித அன்னாள் தீவு தெரிகிறது. 1770ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் முதற் குடியேறிகள் இறங்கியது அங்கேதான். மொத்தம் 28 பேர்: வெள்ளையர் பதினைவர், அடிமைகள் எழுவர், தென்னிந்தியர் ஐவர், ஆப்பிரிக்கப் பெண் ஒருத்தி. பிரெஞ்சுக்காரர் 'மலபாரிகள்' எனக் குறித்த அவ்வைவரும் எந்த ஊரினர், எத்தாய் பெற்ற மக்கள் என்று எண்ணியபோது நம் நெஞ்சம் கனத்தது. கிளிகளும் ஆமைகளும் மட்டுமே வாழ்ந்த காட்டைத் திருத்திய முதற்கைகளுள் அவர்தம் கைகளும் இருந்தன.

அடிமைகள் பெருகினர். 1835இல் அடிமைமுறை ஒழிந்தது. 1861 முதல், அரபு வணிகரின் மரக்கலங்களிலிருந்து பிரிட்டிஷ் கடற்படை மீட்ட ஆப்பிரிக்கர் 2,000க்கும் மேற்பட்டோர் இங்குக் கரையிறக்கப்பட்டனர். அவர்களின் பிள்ளைகளுக்காக ஆங்கிலிக்கன் மறைப்பணியாளர் 1876இல் மலைமேல் ஒரு பள்ளியைத் தொடங்கினர். அதன் பாசி படிந்த சுவர்களிடையே நின்றபோது பேசத் தோன்றவில்லை. விலங்கு கழன்றவர்களுக்குத் திரும்பிச் செல்ல வீடு இல்லையே!

அன்றைய அரசு இத்தீவைத் திறந்த சிறையாகவும் பயன்படுத்தியது. அசாந்தி மன்னர் பிரெம்பே 1900 முதல் 1924 வரையிலும், சைப்ரசின் பேராயர் மக்காரியோஸ் 1956-57இலும் இங்கு நாடு கடத்தப்பட்டிருந்தனர்.

விரும்பி வந்தோரைவிட விரும்பாது வந்தோரே மிகுதி. ஆயினும் அவர்தம் வழித்தோன்றல்கள் இதனையே தாயகமாக்கி, கிரியோல் என்னும் பொதுமொழியை வளர்த்து, 1976ஆம் ஆண்டு ஜூன் 29இல் விடுதலையும் பெற்றனர். ஆளுநர் கென்சியின் பெயர் தாங்கிய தெருவில், தமிழர் எழுப்பி 1992இல் குடமுழுக்குக் கண்ட விநாயகர் கோயிலின் கோபுரம் இன்று நிமிர்ந்து நிற்கிறது. சற்று நடந்தால் பேராலயம். இருசாராரும் ஒரே சந்தையில் மீன் வாங்குகின்றனர்.

நகர் தோன்றிய 200ஆம் ஆண்டு நினைவாக 1978இல் நிறுவிய வெண்ணிறச் சின்னமொன்று சாலைச் சந்திப்பில் மூன்று சிறகுகளாய் விரிந்துள்ளது. ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆசியா என்னும் மூன்று கண்டத்து மக்களை அவை குறிக்கின்றன. சிறகுகள் மூன்றும் ஒரே அளவின. ஆனால் வந்து சேர்ந்த வழிகள் ஒரே வகையின அல்ல. விக்டோரியாவின் இனிய ஓய்வைத் துய்க்கச் செல்வோர், உழைப்பிற்கிடையே ஓய்வறியாதிருந்த அவ்வெழுவரையும் ஐவரையும் அந்த ஒரு பெண்ணையும் ஒருகணம் நினைத்தல் வேண்டும். அதுவே விருந்தினர் செலுத்தத்தக்க முதல் மரியாதை.