ஸ்மூத் ஜாஸின் பக்கம் நின்று

கனடாவுக்கு வந்த புதிதில் மிசிசாகாவில் ஒரு வெயர்ஹவுஸில் எனக்கு இரவு வேலை. விடியற்புறம் 401 நெடுஞ்சாலையில் ஸ்காபரோவுக்குத் திரும்பும்போது காரில் 94.7 போகும். ஹமில்டனில் இருந்து 2000ஆம் ஆண்டு தொடங்கிய 'த வேவ்' வானொலி அது. நாள் முழுக்க ஸ்மூத் ஜாஸ். இரவெல்லாம் பிறமொழியில் பேசிக் களைத்த எனக்கு, சொல்லே இல்லாத அந்த சாக்ஸபோன் பெரிய ஆறுதல்.

கூட வேலை செய்த டிரினிடாட்காரர் ஒருவருக்கு அந்த வானொலியின் பெயரைக் கேட்டாலே பிடிக்காது. ஜாஸ் சாக்ஸபோன் மேதை ஜோன் கோல்ட்ரேனில் ஊறிய மனிதர். உப்பில்லாத கஞ்சி என்பார். ஜாஸின் உயிர் அந்தந்தக் கணத்துக் கற்பனையில் இருக்கிறது, அது இல்லாவிட்டால் லிஃப்டில் போடும் பின்னணிச் சத்தம்தான் மிஞ்சும் என்பது அவர் கட்சி. சாப்பாட்டு நேரமெல்லாம் இந்த வாதத்திலேயே போகும்.

அவர் பக்கமும் நியாயம் உண்டு. ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ரோங் 1971இல் இறந்தவர். அவர் பாடிய 'வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்' ஒலிப்பதிவின் மேல் ஸ்மூத் ஜாஸ் கலைஞர் கென்னி ஜி தன் சாக்ஸபோனை ஏற்றி வெளியிட்டபோது, கிட்டார் கலைஞர் பாட் மெத்தீனி கொதித்துப்போய்க் கண்டித்தார். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. வானொலிகள் செய்ததும் சரியில்லை. லொஸ் ஏஞ்சலிஸில் 1987இல் கேடிடபிள்யூவி நிலையம் இந்தப் பாணியைத் தொடங்கிவைத்தது. பிறகு ஊருக்கு ஊர் முளைத்த நிலையங்களுக்காக, நேயர்களை உட்காரவைத்துப் பாட்டுத் துண்டுகளைப் போட்டுக் காட்டி, பிடித்ததா இல்லையா என்று அளந்தார்கள். யாருக்கும் உறுத்தாத பாட்டே தேறியது. கடைசியில் அந்த நிலையங்களும் நிலைக்கவில்லை: நியூயோர்க்கில் 2008, சிக்காகோவில் 2009. ஹமில்டன் வேவ் 2011இல் கன்ட்ரி இசைக்கு மாறிவிட்டது.

ஆனால் வானொலி செய்த குற்றத்தை வாசித்தவர்கள் தலையில் கட்டுவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். இந்தப் பாணிக்கு ஒரு பெயரும் நிலையமும் வருவதற்கு முன், 1980இல், சாக்ஸபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டன் ஜூனியர் 'வைன்லைட்' இசைத்தட்டை வெளியிட்டார். பேஸ் கிட்டாரில் மார்கஸ் மில்லர், டிரம்ஸில் ஸ்டீவ் காட். அடுத்த ஆண்டே மில்லரைத் தன் குழுவில் வைத்துக்கொண்டவர் ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸ். தூய ஜாஸ் வேறு, இது வேறு என்று கோடு கிழிப்பவர்கள், ஒரே விரல்கள் இரண்டு பக்கமும் வாசித்ததைக் கவனிக்க வேண்டும்.

அந்தத் தட்டில் பில் விதர்ஸ் பாடிய 'ஜஸ்ட் த டூ ஒஃப் அஸ்' முழுதாக ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும். பாட்டு ஓய்ந்த இடத்தில் ஸ்டீல்பான் எழும்பி வருகிறது. எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டித் தட்டி டிரினிடாட் மக்கள் உருவாக்கிய வாத்தியம். வாசித்தவர் அந்தத் தீவின் ரொபர்ட் கிரீனிட்ஜ். பாட்டை எழுதிய மூவரில் ஒருவரான ரால்ஃப் மக்டொனால்ட், நியூயோர்க்கில் குடியேறிய டிரினிடாட் குடும்பத்துப் பிள்ளை. உலோகத்தில் பட்டுத் தெறிக்கும் அந்தச் சுரங்கள், ஸ்டீவ் காட்டின் தாளம் கொஞ்சமும் பிசகாமல் அடியில் போக, ஒன்றின் மேல் ஒன்றாகப் படிகின்றன. வானொலிக்காகப் பாட்டைப் பாதியளவாக வெட்டியபோது அடிபட்டது இந்த வாத்தியப் பகுதிதான். வந்த நாட்டின் இசைக்குள் தங்கள் ஊர் வாத்தியத்தை இவ்வளவு இயல்பாக இருத்திவைத்தவர்களை உப்பில்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நிதானமாக வாசிப்பது லேசான வேலையல்ல. வேகத்தில் பிழை மறையும், நிதானத்தில் மறையாது. குரோவர் ஒரு சுரத்தைப் பிடித்து, அது முடியும் இடத்தில் மெல்ல வளைத்து விடுவதைக் கேட்டால் எவ்வளவு பயிற்சி அதற்குள் இருக்கிறது என்பது விளங்கும். மில்லரைப் பின்தொடர்ந்து மைல்ஸுக்கும், அங்கிருந்து கோல்ட்ரேனுக்கும் போய்ச் சேர்ந்தேன். அதற்காக 'வைன்லைட்'டை வெறும் படிக்கல்லாக நான் நினைக்கவில்லை. கோல்ட்ரேன் என்னைத் தேடவைக்கிறார். குரோவர் என்னை இருக்கவைக்கிறார். அந்நிய நாட்டில் வாழ்கிறவனுக்கு இரண்டும் வேண்டும்.