நம் பள்ளிப் பக்கம் அடிக்கடி காணாமல் போன கதை



"டீச்சர், உங்க வெப்சைட் திறக்கலையே, என்ன ஆச்சு?" என்று இரண்டு வருடமாக யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். தனித்தனியாகப் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். பக்கம் இப்போது புது இடத்துக்குக் குடிபோய் ஏழு மாதம் ஆகிறது. நன்றாக ஓடுகிறது. நடந்ததை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். கடைக்கும், கோயில் திருப்பணிக்கும், சங்கத்துக்கும் இணையதளம் வைத்திருப்பவர்கள் உங்களில் பலர். உங்களுக்கும் உதவும். கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து படியுங்கள்.

தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. நான் 2017இல் ஓய்வு பெற்ற மறு வருடம், நம் பழைய மாணவன் ஒருவன் (பெயர் போட்டால் கோபித்துக்கொள்வான்) எனக்கு ஓர் இணையதளம் அமைத்துக் கொடுத்தான். அதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. நான் எழுதிய கணக்குப் பயிற்சித் தாள்கள். 1995 முதல் 2017 வரை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பிரிவு உபசாரக் குழுப் படங்கள், பெயர்களோடு. மூன்றாவதுதான் எனக்கு உயிர். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் "பாட்டியிடம் கேட்டுப் பத்து விடுகதை எழுதி வா" என்று வீட்டுப்பாடம் கொடுப்பேன், நினைவிருக்கிறதா? அப்படிச் சேர்ந்தவை அறுநூறுக்கு மேல். ஒவ்வொன்றின் கீழும் சொன்ன பாட்டியின் பெயரும் எழுதி வந்த பிள்ளையின் பெயரும் இருக்கும். அந்தப் பாட்டிகளில் பெரும்பாலோர் இன்று இல்லை.

முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகுதான் ஆரம்பித்தது. காலையில் இருக்கும், மதியம் இருக்காது. இரவு பத்து மணிக்கு வரும், பதினொன்றுக்குப் போய்விடும். ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதினால், "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக உள்ளது, உங்கள் பிரவுசரில் கேஷை அழித்துப் பாருங்கள்" என்று பதில் வரும். மஸ்கட்டில் இருப்பவனுக்கும் திறக்கவில்லை, மதுரையில் இருப்பவளுக்கும் திறக்கவில்லை, என் பிரவுசர் என்ன செய்யும்?

முப்பது வருடம் வருகைப் பதிவேடு எழுதிய கை சும்மா இருக்குமா? ஒரு நோட்டில் கோடு போட்டேன். தேதி, போன நேரம், வந்த நேரம், திரையில் காட்டிய செய்தி என்று நான்கு கட்டம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நம் பக்கத்தைத் தட்டிப் பார்த்து, திறக்காவிட்டால் மின்னஞ்சல் அனுப்பும் இலவசச் சேவைகள் இருக்கின்றன. அதையும் அவன் போட்டுக் கொடுத்தான். அந்த செப்டம்பர் மாதம் மட்டும் 31 முறை நின்றிருக்கிறது. கூட்டினால் 19 மணி நேரம்.

இனி கணக்கு. நிறுவனத்தின் விளம்பரத்தில் 99.9 சதவீதம் இயங்கும் என்று போட்டிருந்தார்கள். ஒரு வருடத்துக்கு 8,760 மணி. அதில் 0.1 சதவீதம் என்றால் ஏறக்குறைய எட்டே முக்கால் மணி. முப்பது நாள் மாதத்துக்கு 43 நிமிடம். அவ்வளவு நேரம் நின்றால் சொன்ன சொல் காப்பாற்றியதாகத்தான் அர்த்தம். நமக்கோ ஒரே மாதத்தில் 19 மணி நேரம். 720 மணியில் 19 போனால் 97.36 சதவீதம். பரீட்சையில் 97 வாங்கினால் வீட்டில் பாயசம் வைப்பார்கள். இணையதளம் 97 வாங்கினால் வருடத்தில் பதினோரு நாள் பூட்டிக் கிடக்கிறது என்று பொருள். 99.9க்கும் 99.99க்கும் ஒரு ஒன்பதுதான் வித்தியாசம். ஆனால் வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேர நிறுத்தம் 53 நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. தசமப் புள்ளிக்குப் பிறகு வருவதெல்லாம் சில்லறை என்று நினைக்காதே என்று வகுப்பில் சொன்னேனே, அது இதற்குத்தான்.

"வாக்குறுதி மீறினால் பணம் திரும்பத் தருவோம்" என்றும் விதிமுறையில் இருந்தது. மாத வாடகை 150 ரூபாய். நின்ற 19 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 3 ரூபாய் 96 காசு. அதையும் நாமாக விண்ணப்பித்தால்தான் கொடுப்பார்கள், "திட்டமிட்ட பராமரிப்பு" என்று அவர்கள் சொல்லும் நேரத்தைக் கழித்துக்கொண்டு. நான் விண்ணப்பிக்கவில்லை. அந்த நோட்டுப் பக்கங்களை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பினேன். அதன் பிறகு கேஷை அழிக்கச் சொல்லவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று மாணவனிடம் கேட்டேன். அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். குறைந்த வாடகைக்குக் கிடைப்பது பகிர்வு ஹோஸ்டிங். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான இணையதளங்கள் குடியிருக்கும். ஒரு காம்பவுண்டில் இருபது வீடு, ஒரே மோட்டார், ஒரே தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடி வீட்டில் கல்யாணம் என்றால் நம் குழாயில் காற்றுதான் வரும். எங்கோ ஒரு கடைக்காரர் தள்ளுபடி விற்பனை அறிவித்துக் கூட்டம் மொய்த்தால், நம் விடுகதைப் பக்கம் மூச்சுத் திணறும். ஒழுங்கான உரிமையாளர் இத்தனை வீட்டுக்கு இத்தனை தொட்டி என்று அளவு பார்ப்பார். சிலர் தொட்டியை மாற்றாமல் வாடகைக்கு ஆள் சேர்த்துக்கொண்டே போகிறார்கள்.

திரையில் வரும் எண்களையும் படிக்கக் கற்றுக்கொண்டேன். 404 என்றால் பள்ளி திறந்திருக்கிறது, நாம் தேடும் பிள்ளை அந்த வகுப்பில் இல்லை. முகவரி தவறாகவோ பக்கம் நீக்கப்பட்டோ இருக்கும். 503 என்றால் வாத்தியார் இருக்கிறார், இப்போது கவனிக்க முடியவில்லை, பிறகு வா. 500 என்றால் பள்ளிக்குள்ளேயே ஏதோ கோளாறு. ஒரு எண்ணும் வராமல் சுற்றிக்கொண்டே இருந்து நின்றுபோனால், கேட்டைத் தட்டியும் காவலாளி வரவில்லை என்று அர்த்தம். ஐந்தில் தொடங்கும் எண் வந்தால் கோளாறு சர்வர் பக்கம். உங்கள் போனைக் குறை சொல்ல வேண்டாம்.

இத்தனையும் பொறுத்துக்கொண்டிருந்திருப்பேன். போன மார்கழியில் பக்கம் நான்கு நாள் சேர்ந்தாற்போல் எழுந்திருக்கவே இல்லை. ஷார்ஜாவில் இருப்பவன் என்னிடம் கேட்கப் பயந்து, என் தம்பி மகனுக்குப் போன் போட்டு, "டீச்சர் நல்லா இருக்காங்களா?" என்று விசாரித்திருக்கிறான். அதைச் சொல்லி நாங்கள் வீட்டில் சிரித்தோம்.

மூன்றாம் நாள் வந்த போனுக்குச் சிரிக்க முடியவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் நம் மாணவன். அவன் அண்ணனும் என்னிடம் படித்தவன்தான். இருபது வயதில் போய்விட்டான். பிறகு அவர்கள் கூரை வீடு தீப்பிடித்து எல்லாம் போனதில், அண்ணன் முகம் மிஞ்சியிருப்பது 1997ஆம் ஆண்டுக் குழுப் படத்தில் மட்டும்தான். இரண்டாவது வரிசை, இடமிருந்து நான்காவது. வருடா வருடம் திதி அன்று அம்மாவுக்குப் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவானாம். "இன்னிக்கு அம்மா கேக்குது டீச்சர், பக்கம் வரமாட்டேங்குது" என்றான்.

எதை எழுதினாலும் கார்பன் தாள் வைத்து இரண்டாம் படி எடுக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். மூலப் படங்கள் எல்லாம் பீரோவில் வருட வரிசையில் இருந்தன. 1997ஐ எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவன் அம்மாவே பேசினார்கள். "டீச்சரம்மா" என்றதற்கு மேல் அவர்களால் பேச முடியவில்லை. அன்று இரவே இடம் மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

மாற்றம் சுலபமாக நடந்ததற்குக் காரணம், இணையதளத்தின் பெயர், அதாவது டொமைன், ஆரம்பத்திலிருந்தே என் பெயரில் தனியாகப் பதிவாகியிருந்தது. ஹோஸ்டிங் என்பது வாடகை வீடு, டொமைன் என்பது நம் பெயர்ப் பலகை. வீட்டைக் காலி செய்தால் பலகையைக் கழற்றிக் கொண்டுபோய்ப் புது வீட்டில் மாட்டலாம். பலகையும் வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் திண்டாட்டம். இன்னொன்றும் செய்தோம். நம் பக்கங்கள் தினமும் மாறுபவை அல்ல. அதனால் தரவுத்தளம் எதுவும் வேண்டாத எளிய பக்கங்களாக மாற்றிவிட்டான். கெட்டுப்போகும் உறுப்புகள் குறைந்தால் கோளாறும் குறையும். ஏழு மாதத்தில் நோட்டில் மூன்றே பதிவுகள். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்கூட இல்லை.

நம்மைப் போன்ற சின்னப் பக்கங்களுக்கு மட்டும் நேர்வதல்ல இது. ஜியோசிட்டீஸ் என்ற இலவசத் தளத்தில் லட்சக்கணக்கானோர் சொந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். யாஹூ நிறுவனம் அதை 2009 அக்டோபரில் மூடியது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையத்தில் தீப்பிடித்து ஒரு கட்டடமே எரிந்துபோனது. நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களில் பலருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நல்ல உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த தமிழ் நூல்களை யாரும் இறக்கிக்கொள்ளும்படி கொடுத்தது. ஒரு சர்வர் படுத்தால் என்ன, நூல் ஆயிரம் பேர் கணினியில் இருக்கிறது.

கணினிக்காரர்கள் இதற்கு 3-2-1 என்று ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு ஊரில். நம் விடுகதைகளும் படங்களும் இப்போது புது சர்வரில் ஒன்று, என் பென் டிரைவில் ஒன்று, கோவையில் என் மகள் வீட்டுக் கணினியில் ஒன்று. இது போக, இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினிலும் நம் பக்கங்களின் முகவரியைக் கொடுத்துச் சேமித்திருக்கிறேன். அது காசில்லாமல் யாரும் செய்யக்கூடியது.

ஆகவே, வெகுநாள் கழித்து ஒரு வீட்டுப்பாடம். அவரவர் வகுப்புப் படத்தையும், அவரவர் பாட்டி சொன்ன விடுகதையையும் உங்கள் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு இணையதளம் வைத்திருப்பவர்கள், டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். குழுப் படங்களில் 2001, 2004 இரண்டு வருடங்களில் ஆறு பேர் பெயர் இன்னும் நிரம்பவில்லை. அந்த வகுப்புப் பிள்ளைகள் படத்தைப் பார்த்து எனக்கு எழுதுங்கள். இனிஷியலோடு எழுதுங்கள். ஒரே வகுப்பில் மூன்று முருகேசன்கள் இருந்தீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்