அடி சறுக்கும் வேளையில்

எங்கள் வீட்டில் பனிக்கட்டி என்பது குளிர்பதனப் பெட்டியின் மேல்தட்டில் மட்டுமே இருந்த பொருள். வெயிலும் மழையும் மாறி மாறி வரும் கிள்ளானில் பிறந்து வளர்ந்த எனக்கு, பனித்தளத்தில் சறுக்கி ஆடும் ஒருவர் மீது எப்படி இத்தனைப் பற்று வந்தது என்று உறவினர்கள் இன்றும் கேட்பதுண்டு. அதற்கு விடை சொல்வதானால், என் மூச்சிரைப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சிறு வயது முதலே எனக்கு ஆஸ்துமா. பள்ளித் திடலில் மற்றவர்கள் ஓடும்போது, நான் மர நிழலில் உட்கார்ந்து அவர்களின் தண்ணீர்ப் புட்டிகளுக்குக் காவல் இருப்பேன். 2014ஆம் ஆண்டு நான் படிவம் இரண்டில் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிப்ரவரியில் ரஷ்யாவின் சோச்சி நகரில் குளிர்கால ஒலிம்பிக் போட்டி நடந்தது. பனிச்சறுக்கு நடனத்தில் 19 வயது ஜப்பானிய இளைஞர் ஒருவர் தங்கப் பதக்கம் வென்றார். அப்போட்டியின் ஆடவர் தனிநபர் பிரிவில் தங்கம் வென்ற முதல் ஆசியர் அவர். பெயர் யுசுரு ஹன்யு. அவருக்கும் குழந்தைப் பருவத்திலிருந்தே ஆஸ்துமா என்று செய்தியில் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அன்று முதல் நான் அவருடைய விசிறி ஆனேன்.

அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அவர் பிறந்த ஊர் செண்டாய். 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் ஜப்பானைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியபோது, அவர் அங்குள்ள பனித்தளத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தார். சறுக்குக் காலணியைக் கழற்றக்கூட நேரமில்லாமல் வெளியே ஓடினார். சில நாள்களைக் குடும்பத்தோடு நிவாரண முகாமில் கழித்தார். பனித்தளம் சேதமடைந்து மூடப்பட்டதால், பல ஊர்களுக்குச் சென்று பனிச்சறுக்கு நிகழ்ச்சிகளில் ஆடியபடியே பயிற்சியைத் தொடர்ந்தார். இதையெல்லாம் அறிந்தபோது, மூச்சு வாங்கியதும் உட்கார்ந்துவிடும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் நிறைய வியப்பாகவும் இருந்தது.

அவர் போட்டிகளில் ஆடிய காலத்தில் அவருடைய விசிறிகளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் பார்வையாளர்கள் பூங்கொத்துகளை வீசுவது இந்த விளையாட்டின் மரபு. ஹன்யுவுக்கோ 'வின்னி தி பூ' என்னும் மஞ்சள் கரடி பொம்மை பிடிக்கும். ஆகவே, அவர் ஆடி முடித்ததும் பனித்தளத்தில் கரடி மழை பொழியும். சிறுவர் சிறுமியர் சறுக்கி வந்து அவற்றைக் கூடை கூடையாக அள்ளுவார்கள். அந்தப் பொம்மைகள் நற்பணிகளுக்கு வழங்கப்படும். "எல்லாருக்கும் பூ வீசுகிறார்கள், இவருக்கு மட்டும் 'பூ'வையே வீசுகிறார்கள்!" என்று அண்ணன் கேலி செய்வான்.

அதே ஆண்டு நவம்பர் மாதம் ஷங்காயில் ஒரு போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்திற்கு முன் வீரர்கள் ஆறு பேர் ஒன்றாகத் தளத்தில் இறங்கிச் சில நிமிடங்கள் பயிற்சி செய்வது வழக்கம். அப்போது ஹன்யுவும் சீன வீரர் ஹான் யானும் முழு வேகத்தில் மோதிக்கொண்டனர். ஹன்யு பனியிலேயே கிடந்தார். முகவாயிலிருந்து இரத்தம் வழிந்தது. அவர் விலகிவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால், தலையிலும் முகவாயிலும் கட்டுப் போட்டுக்கொண்டு அவர் திரும்பி வந்தார். நான்கரை நிமிட ஆட்டத்தில் ஐந்து முறை விழுந்தார். ஐந்து முறையும் எழுந்தார். இரண்டாம் இடம் பெற்றார்.

அந்தக் காணொளியைப் பார்த்து நான் கண்ணீர் விட்டேன். கை வலிக்கத் தட்டினேன். மருத்துவமனையில் தாதியாகப் பணிபுரியும் அம்மா என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கைத்தட்டவில்லை.

"தலையில் அடிபட்ட பிள்ளை. அவனைத் தடுக்க அங்கே ஒருவர்கூட இல்லையா?" என்றார்.

"அம்மா, அதுதான் மனவுறுதி!"

"உறுதி மனசில் இருக்கலாம். அடி தலையில் அல்லவா பட்டிருக்கிறது?"

அம்மாவுக்கு விளையாட்டு தெரியாது என்று முடிவு கட்டினேன். அவர் ஆடியிருக்க வேண்டுமா என்ற கேள்வி ஜப்பானிலும் எழுந்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அறிந்தபோதும் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

மறு ஆண்டு எங்கள் பள்ளியில் இல்ல விளையாட்டுப் போட்டி வந்தது. என்னால் ஓட முடியாவிட்டாலும் கத்த முடியும். நீல இல்லத்தின் ஊக்கமூட்டும் குழுவுக்கு நான்தான் தலைவி. என் நெருங்கிய தோழி எங்கள் இல்லத்தின் சிறந்த ஓட்டக்காரி. போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது பயிற்சியில் அவளுடைய கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. வீக்கம் வடிந்ததே தவிர, வலி போகவில்லை. "அஞ்சல் ஓட்டத்தில் எனக்குப் பதிலாக வேறு யாரையாவது சேர்க்கச் சொல்லட்டுமா?" என்று அவள் என்னிடம் கேட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஷங்காய் காணொளியை அவளுக்குக் காட்டினேன். "ஐந்து முறை விழுந்தும் அவர் எழுந்தார். உன்னால் நூறு மீட்டர் ஓட முடியாதா?" என்று கேட்டேன். அவள் சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, சரி என்று தலையசைத்தாள்.

போட்டி நாளன்று கோலை வாங்கிக்கொண்டு அவள் ஓடத் தொடங்கியபோது, முரசை அறைந்து அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். வளைவில் அவள் முகம் சுருங்கியது எனக்குத் தெரிந்தது. அப்போதும் நான் நிறுத்தவில்லை. இன்னும் உரக்கக் கத்தினேன். கோலைக் கொடுக்கும் இடத்திற்குச் சில அடிகளுக்கு முன் அவள் சரிந்து விழுந்தாள். தசைநார் கிழிந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னார். ஆறு வாரம் காலில் கட்டு. மாவட்டப் போட்டிக்குப் போகும் வாய்ப்பும் போயிற்று.

அவளைப் பார்க்கப் போனபோது என்ன பேசுவது என்றே தெரியவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை.

"வளைவிலேயே நின்றுவிட நினைத்தேன். ஆனால், உன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. எப்படி நிற்பது?" என்றாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தூக்கிவிடுவதாக நினைத்துக்கொண்டு நான் அவளைத் தள்ளிவிட்டிருந்தேன். மறுநாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அறிவுரை எதுவும் கூறவில்லை. "அவளுக்குப் பாடக் குறிப்பு எழுதிக் கொடுக்க யாராவது வேண்டுமே" என்று மட்டும் சொன்னார். ஆறு வாரமும் பள்ளி முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். முரசு இல்லை, கூச்சல் இல்லை. கணிதமும் வரலாறும் எழுதினோம். நான் அவளுக்குச் செய்த உண்மையான ஆதரவு அந்த ஆறு வாரத்தில்தான் தொடங்கியது.

அதன் பிறகு ஹன்யுவையும் நான் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். இந்த விளையாட்டு கணுக்காலை எவ்வளவு வருத்தும் என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டேன். நான்கு சுற்றுச் சுழன்று குதிக்கும் வீரர் ஒரு விநாடிக்கும் குறைவான நேரமே காற்றில் இருக்கிறார். பிறகு, மெல்லிய தகட்டின் விளிம்பில், ஒற்றைக் காலில் இறங்குகிறார். உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அந்தக் காலில் இறங்குகிறது. ஹன்யு இறங்குவது வலக்காலில். 2016ஆம் ஆண்டு இடப்பாதத்தில் காயம். 2017ஆம் ஆண்டு நவம்பரில், ஒசாகாவில் நடந்த பயிற்சியின்போது விழுந்ததில் வலக் கணுக்காலின் தசைநாரில் காயம். அடுத்த ஒலிம்பிக்குக்கு அப்போது மூன்று மாதங்களே இருந்தன.

ஜப்பானின் கோபே நகரில் யுசுருஹா என்றொரு கோயில் இருக்கிறது. அவருடைய பெயரைப் போலவே ஒலிப்பதால், விசிறிகள் அங்கே சென்று சிறு மரப்பலகைகளில் வேண்டுதலை எழுதித் தொங்கவிடுவார்கள். என்னால் கோபேக்குப் போக முடியவில்லை. பழைய நான் என்றால், "எப்படியாவது ஆடிவிடுங்கள், தங்கம் வேண்டும்" என்று வேண்டியிருப்பேன். இந்த முறை என் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில், "கால் ஆறட்டும்" என்று மட்டும் எழுதி வைத்தேன்.

2018ஆம் ஆண்டு பிப்ரவரி 17. சீனப் புத்தாண்டு விடுமுறை. எஸ்.பி.எம். தேர்வு முடிவுக்காகக் காத்திருந்த காலம். தோழியும் நானும் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தோம். தென்கொரியாவின் பியோங்சாங் ஒலிம்பிக்கில் ஹன்யு ஆடினார். இரண்டு தாவல்களில் தடுமாறினாலும் விழவில்லை. மொத்தம் 317.85 புள்ளிகள் பெற்று மீண்டும் தங்கம் வென்றார். 1948, 1952 ஆகிய ஆண்டுகளில் வென்ற அமெரிக்கர் டிக் பட்டனுக்குப் பின், 66 ஆண்டுகள் கழித்து, ஆடவர் பிரிவில் தொடர்ந்து இரு முறை தங்கம் வென்றவர் அவரே. ஆட்டம் முடிந்ததும் அவர் குனிந்து தம் வலக் கணுக்காலைத் தொட்டார். என் தோழி தன்னை அறியாமல் தன் கணுக்காலைத் தொட்டுக்கொண்டாள். தளமெங்கும் மஞ்சள் கரடிகள் விழுந்துகொண்டிருந்தன.

காயம் முழுமையாக ஆறாத நிலையிலேயே அவர் ஆடினார் என்பது பின்னர் தெரிய வந்தது. அது சரியா தவறா என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது. அது அவர் எடுத்த முடிவு, அவருடைய கால். ஆனால், அடுத்த மாதம் நடந்த உலகப் போட்டியிலிருந்து விலகி அவர் ஓய்வெடுத்தார். அந்தச் செய்தியைப் படித்தபோது, பதக்கம் வென்ற செய்திக்கு மகிழ்ந்ததைப் போலவே நான் மகிழ்ந்தேன். ஏப்ரலில் செண்டாயில் அவருக்கு நடந்த வரவேற்பு ஊர்வலத்தைக் காண ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர்.

அதே பியோங்சாங்கில் நம் நாட்டு வீரர் ஒருவரும் ஆடினார். பேரங்காடிக்குள் இருக்கும் பனித்தளத்தில் சறுக்கக் கற்றுக்கொண்ட ஜூலியன் யீ, மலேசியக் கொடியை ஏந்தி அந்த ஒலிம்பிக் அரங்கில் நடந்தார். முதல் 24 பேர் மட்டுமே இறுதி ஆட்டத்திற்குச் செல்ல முடியும். அவர் பெற்றது 25ஆவது இடம். அன்று அவருக்காகவும் நாங்கள் எழுந்து நின்று கைத்தட்டினோம்.

2022ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக். முதல் ஆட்டத்தில், பனியில் இருந்த ஒரு குழியில் தகடு சிக்கி, ஹன்யுவின் முதல் தாவல் தவறிப்போனது, எட்டாம் இடம். இறுதி ஆட்டத்திற்கு முந்தைய நாள் பயிற்சியில் வலக் கணுக்கால் மீண்டும் சுளுக்கியது. ஆயினும், நான்கரைச் சுற்றுச் சுழலும் தாவலை அவர் முயன்று பார்த்தார், விழுந்தார். பதக்கம் இல்லை, நான்காம் இடம். விழுந்தபோதும், சர்வதேசப் போட்டியில் நான்கு சுழற்சி ஆக்செல் என்று முதன்முதலாகப் பதிவான தாவல் அதுவே. 'யானைக்கும் அடி சறுக்கும்' என்று நம்மவர்கள் சொல்வார்கள். சறுக்கிய யானையை யானை இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

அவ்வாண்டு ஜூலையில் அவர் போட்டிகளிலிருந்து விலகினார். மறு ஆண்டு பிப்ரவரியில், தோக்கியோ அரங்கம் ஒன்றில் அவர் தனியாக ஆடிய நிகழ்ச்சிக்கு 35,000 பேர் வந்தார்கள். அங்கே நடுவர்கள் இல்லை, புள்ளிகள் இல்லை, பதக்கமும் இல்லை. வெற்றிக்காக மட்டுமே அவரை விரும்பியிருந்தால், அத்தனை பேர் அங்கே வந்திருக்க மாட்டார்கள்.

என் தோழி இப்போது பயிற்சி ஆசிரியை. மாலையில் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கு ஓட்டப் பயிற்சி அளிக்கிறாள். அண்மையில் அவளைப் பார்க்கத் திடலுக்குப் போயிருந்தேன். ஒரு சிறுமி பாதி வழியில் நொண்டிக்கொண்டு ஓடுபாதையை விட்டு வெளியே வந்தாள். தோற்றுவிட்டோமே என்று அவள் முகம் வாடியிருந்தது. தோழி ஓடிச் சென்று அவள் முன் மண்டியிட்டு, "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டாள்.

நான் மர நிழலிலிருந்து எழுந்து அந்தச் சிறுமிக்காகக் கைத்தட்டினேன். ஓடியதற்காக அன்று, நின்றதற்காக.