கழுவக் கூடாத கார்!

தூசு படிந்த சாமானைக் கழுவித் துடைத்து வைத்தால் வீட்டில் யாராவது கோபித்துக் கொள்வார்களா? எங்கள் வீட்டில் கோபித்துக் கொண்டார்கள். அதைச் சொல்லாமல் இந்தப் பயணக் கதையை ஆரம்பிக்க முடியாது.

போகிக்கு முந்தின நாள். பரண், அலமாரி எல்லாம் ஒழித்துக் கொண்டிருந்தேன். என் மகனின் மேஜை மேல் ஒரு ஜாணுக்கும் குறைவாக ஒரு ப்ளாஸ்டிக் கார். நீல நிற சுபாரு ராலி கார். சக்கரமெல்லாம் சேறு, பக்கவாட்டில் புழுதி, கண்ணாடியில் மண் தெறித்த மாதிரி. ‘என்ன பிள்ளை இவன், மாமா வாங்கி அனுப்பிய சாமானை இப்படியா வைத்துக் கொள்வது’ என்று முணுமுணுத்தபடியே, பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பழைய டூத்பிரஷுமாக உட்கார்ந்து அரைமணி நேரம் தேய்த்தேன். பளபளவென்று ஆகிவிட்டது. அங்கங்கே ஒட்டியிருந்த எழுத்துக்களும் கையோடு வந்துவிட்டன. அதையும் ‘போகட்டும்’ என்று விட்டுவிட்டேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவன் காரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. காரை எடுத்து அட்டைப் பெட்டிக்குள் வைத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். ராத்திரி போர்வைக்குள் விசும்பல் கேட்டது. அந்த அழுக்கு, மூன்று மாதமாக அவன் தூரிகையால் பூசிய அழுக்கு என்று என் கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவன் பசையையோ பெயிண்டையோ தொடவே இல்லை. ‘படிப்புக்கு நல்லதுதானே’ என்று வெளியே சொன்னேனே தவிர, உள்ளுக்குள் உறுத்தல்தான்.

2024 மே மாதம் தம்பி மனைவிக்குப் பிரசவம். ஒத்தாசைக்கு ஜப்பானுக்குப் போக வேண்டி வந்தது. கோடை விடுமுறையாதலால் பிள்ளையையும் கூட்டிக் கொண்டு போனேன். தம்பிக்கு ஹமமட்ஸுவில் வேலை. அங்கிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போனால் ஷிஸுவோகா. உலகத்துக்கே மாடல் கார், கப்பல், விமானம் செய்து அனுப்பும் ஊர். ஜப்பானில் தயாராகும் ப்ளாஸ்டிக் மாடல்களில் 80 சதவிகிதத்துக்கு மேல் அந்த மாகாணத்தில்தானாம்! மே மாதத்தில் அங்கே பெரிய ஹாபி கண்காட்சி நடக்கும். “அக்கா, ஒரு ஞாயித்துக்கிழமை நான் வீட்டைப் பாத்துக்கற ஆள் ஏற்பாடு பண்றேன். நீயும் வா” என்றான் தம்பி. “நான் எதுக்குடா? அவனைக் கூட்டிண்டு போ” என்றேன். “நீதான் வரணும்” என்று ஒரே பிடிவாதம். விஷயம் அவன் காதுக்கும் போயிருக்கிறது என்று புரிந்தது.

ரயில் பயணத்தைச் சொல்ல வேண்டும். வழியெல்லாம் தேயிலைத் தோட்டம். சீப்பால் வாரிவிட்ட மாதிரி வரிசை வரிசையாகச் செடிகள். தோட்டத்துக்கு நடுவில் கம்பத்தின் உச்சியில் மின்விசிறிகள்! செடிகளுக்குக் காற்று வாங்கவா என்று சிரித்தேன். பனி இறங்கித் தளிர் கருகாமலிருக்க, மேலே இருக்கும் சற்று வெதுவெதுப்பான காற்றைக் கீழே தள்ளுவதற்காம். முதல் கொழுந்து பறிக்கும் சமயம் அது. கனாயா தாண்டியதும் ஓயி நதி. பாலம் முடிவதற்குள் நம் காவிரி நினைவு வந்துவிட்டது. ஃபூஜி மலையைப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டேன். அன்று மேகம் மூடிக் கொண்டுவிட்டது. கையில் புளியோதரைப் பொட்டலமும் தயிர்சாதமும். சைவக்காரர்கள் யாராவது அந்தப் பக்கம் போனால் இதை மறக்காதீர்கள். அங்கே குழம்பு, சாறு எதிலும் மீன் கலந்திருக்கும்.

இந்த ஊருக்கு இந்தத் தொழில் எப்படி வந்தது? தோக்குகாவா இயேயாசு என்ற பெரிய ஆட்சியாளர் 1607இல் ஓய்வுக்கு வந்து தங்கிய கோட்டை இங்கேதான் இருந்தது. அந்தக் காலத்தில் கோயில் கட்ட வந்த தச்சர்களும் அரக்குப் பூச்சுக்காரர்களும் ஊரோடு தங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். மேஜை நாற்காலி, பொம்மைச் சாமான் என்று மரவேலை வளர்ந்து, பிற்பாடு மர விமானம், மரக் கப்பல் என்று மாடல்களில் வந்து நின்றது. 1946இல் மரம் அறுக்கும் தொழிலாக ஆரம்பித்ததுதான் தாமியா கம்பெனி. 1953இல் வீடு கட்டும் மர வியாபாரத்தை விட்டுவிட்டு மாடல்களே போதும் என்று இறங்கினார்கள். முதல் ப்ளாஸ்டிக் மாடல் 1960இல் வந்தது, ஒரு போர்க் கப்பல். 1967இல் ஹோண்டாவின் பந்தயக் காரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்தார்கள். கம்பெனியை உலகப் புகழுக்குக் கொண்டு வந்த ஷுன்சாகு தாமியா, போர்ஷே காரை மாடல் செய்வதற்காக நிஜக் கார் ஒன்றையே வாங்கிப் பிரித்துப் பார்த்தவராம். மிக்ஸியைக் கழற்றிப் போடும் பிள்ளைகளைத் திட்டுகிறோமே! அவர் 2025 ஜூலையில், தமது 90ஆம் வயதில் காலமானார் என்று பிற்பாடு படித்தேன்.

ஊருக்குள் ஒரு வேடிக்கை. மாடல் பெட்டியைத் திறந்தால் உதிரிப் பாகங்களெல்லாம் ஒரு சட்டத்தில் ஒட்டிக் கொண்டிருக்குமே, அதே மாதிரி டெலிஃபோன் பூத்தையும் தபால் பெட்டியையும் ஆள் உயரச் சட்டத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள். என் பிள்ளை அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக் கொண்டான். மாதக் கணக்கில் அவன் முகத்தில் காணாத சிரிப்பு.

ஸ்டேஷனிலிருந்து பஸ். ட்வின் மெஸ்ஸே என்ற பெரிய மண்டபம். கம்பெனிக்காரர்களின் கடை விரிப்பு ஒரு பக்கம். எனக்கு அதில் மனசு போகவில்லை. இன்னொரு பக்கத்தில்தான் விசேஷம். நூற்றுக்கணக்கான சங்கங்களிலிருந்து சாதாரண மனிதர்கள், ஆபீஸ் போகிறவர்களும் ரிடையரானவர்களும், தாங்கள் வீட்டில் செய்ததை மேஜை மேஜையாக வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நம் ஊர் கொலு மாதிரியேதான். வருகிறவர்களிடம் முகம் மலர்ந்து பேசுகிறார்கள். சுண்டல்தான் பாக்கி!

ஒரு மேஜையில் வெள்ளை முடிப் பெரியவர். அவர் எதிரில் ஆறு சக்கரத்தோடு ஒரு கார். முன்னால் நாலு குட்டிச் சக்கரம், பின்னால் ரெண்டு பெரிசு. என் பிள்ளை, “அம்மா, டிரெல் பி 34!” என்று கத்தியேவிட்டான். 1976லும் 1977லும் ஓடிய பந்தயக் கார் அது. 1976இல் ஸ்வீடன் பந்தயத்தில் முதல் இடம், இரண்டாவது இடம் இரண்டையும் இந்த ஆறு சக்கரக் கார்களே பிடித்தன. அதே வருஷம் அக்டோபர் 24ஆம் தேதி, இதே ஷிஸுவோகா மாகாணத்தில் ஃபூஜி மைதானத்தில் கொட்டும் மழையில் பந்தயம். தெபையே என்ற ஃபிரெஞ்சுக்காரர் இந்தக் காரில் இரண்டாவதாக வந்தார். அன்றைக்கு மட்டும் காரின் பக்கத்தில் டிரெல் என்ற பெயரை ஜப்பானிய எழுத்தில் எழுதியிருந்தார்களாம். பெரியவர் செய்திருந்தது அந்த மழைநாள் காரை. இருபதில் ஒரு பங்கு, நீளம் ஒரு ஜாண். நிஜமாகவே ஈரத்தில் ஓடி வந்து நின்ற மாதிரி இருந்தது.

தம்பி மொழிபெயர்க்க, எப்படிச் செய்வது என்று கேட்டோம். பாகங்களைக் கத்தரித்து, தண்ணீர் தொட்ட உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். தண்ணீர் தொட்டால் தூசு மூக்குக்குப் போகாது. பிறகு அடிப்பூச்சு, நிறம், வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி இறக்கும் எழுத்து ஸ்டிக்கர், அதற்கு மேல் வார்னிஷ். இவ்வளவும் முடிந்து பளபளவென்று ஆனபின்தான் அழுக்கு! புது டயரின் மினுமினுப்பு போக உப்புத்தாளால் தேய்க்கிறார். பிரேக்கிலிருந்து வரும் கரித்தூளைச் சக்கரத்தின் உள்பக்கம் பூசுகிறார். அதற்கென்று விற்கும் டப்பாவைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. நாம் கண்ணுக்குப் பூசும் மை டப்பா மாதிரியே, ஒரு முனையில் பஞ்சு, மறு முனையில் பிரஷ். ஆனால் நிறங்கள் மட்டும் மண், சேறு, புகைக்கரி, துரு!

“துரு வேண்டாம்” என்றார் பெரியவர். பந்தயக் காரின் மேல்பாகம் ஃபைபர், உடல் அலுமினியம். துருப்பிடிக்காது. மெக்கானிக்குகள் ராத்திரியெல்லாம் துடைத்துத்தான் காரை நிறுத்துவார்கள். ஆகவே ரெண்டு மணி நேரத்து அழுக்குத்தான் இருக்க வேண்டும், வருஷத்து அழுக்கு இருக்கக் கூடாது. கோடெல்லாம் முன்னிருந்து பின்னாகக் காற்று போகிற பக்கம் ஓட வேண்டும். ராலி காரென்றால் வேறு கணக்கு. அதற்குச் சேறு சக்கரத்துக்குப் பின்னால் தெறித்து மேலே ஏறும். தண்ணீராய்க் கரைத்த அழுக்கு நிறத்தைக் கார் முழுக்கப் பூசி, உடனே பஞ்சுக்குச்சியால் துடைத்துவிடுகிறார். துணி போகாத சந்திலும் விளிம்பிலும் நிற்பதுதான் அழுக்கு.

அட, இது எனக்குத் தெரிந்த வித்தையாயிற்றே! இருபது வருஷமாக காஸ் அடுப்பைத் துடைக்கிறவள் நான். “எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற இடத்திலேதான் தூசு முதல்லே ஒட்டும்னு சொல்லுடா. புகைக் குழாய் பக்கத்திலே இன்னும் கொஞ்சம் வேணும்” என்றேன் தம்பியிடம். கேட்டுவிட்டுப் பெரியவர் காரைத் திருப்பிப் பின்பக்கத்தைச் சற்று நேரம் பார்த்தார். ஒரு சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதிக் கொண்டார். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

அப்போது என் பிள்ளை ஃபோனை எடுத்து, தன் நீலக் காரின் பழைய படத்தைக் காட்டினான். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கொண்டு வெகுநேரம் பார்த்தார். “இப்போது எங்கே இருக்கிறது?” என்று கேட்டார்.

பிள்ளை என் பக்கம் திரும்பவில்லை. “கீழே விழுந்து உடைஞ்சு போச்சுன்னு சொல்லுங்க மாமா” என்றான்.

எனக்குத் தொண்டையை அடைத்தது. “இல்லேடா. நான்தான் சோப்புப் போட்டுத் தேச்சுட்டேன்னு சொல்லு. தெரியாம செஞ்சுட்டேன்னு சொல்லு” என்றேன். தம்பி சொன்னான். பெரியவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “என்ன சோப்பு?” என்று கேட்டார்! பாத்திரம் தேய்க்கும் சோப்பு என்றதும் தலையாட்டினார். பெயிண்ட் பூசுமுன் எண்ணெய்ப் பசை போக அவர்களும் பாகங்களை அதில்தான் கழுவுவார்களாம். அடிநிறம் உரியவில்லை என்றால் கார் பிழைத்தது, எழுத்து ஸ்டிக்கர் மட்டும் தனியாக வாங்கிக் கொள், மறுபடி முதலிலிருந்து அழுக்கு பூசலாம் என்று பிள்ளைக்கு விளக்கினார். அவன் கேட்டுக் கொண்டே இருந்தான். சாப்பாட்டு நேரம் தாண்டிப் போயிற்று.

ஆறு சக்கரக் கார் ஒன்றும், நீலக் காருக்கு ஸ்டிக்கரும் வாங்கித் தந்தேன். விலையைக் கேட்காதீர்கள்.

ஒரு விஷயம் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டும். பெயிண்டும் தின்னரும் பசையும் நெடி உள்ளவை. கதவைச் சாத்திக் கொண்டு செய்யக் கூடாது. என் தம்பி, மனைவி உண்டானது தெரிந்த நாளிலிருந்து வீட்டுக்குள் ஸ்ப்ரே டப்பாவைத் திறக்கவில்லை. பால்கனியில், ரசாயனப் புகைக்கென்று விற்கும் வடிகட்டி முகமூடியுடன்தான் அடிப்பான். தண்ணீரில் கரையும் பெயிண்டும் இருக்கிறது, பிள்ளைகள் கைக்கு அதுதான் தேவலை. கத்தியும் பொடிப்பொடிப் பாகங்களும் தவழும் குழந்தை கைக்கு எட்டக் கூடாது. நம் ஊர் ஈரக்காற்றில் ஸ்ப்ரே அடித்தால் பெயிண்ட் வெளுத்துப் போகும். மழை நாளில் வேண்டாம்.

ஊர் திரும்பி ஒரு மாதம் வரை பெட்டிகள் அப்படியே கிடந்தன. நானும் வாயைத் திறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மொட்டை மாடிப் படியில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தான். நீலக் கார் எதிரில். கிண்ணத்தில் பழுப்பாய் ஏதோ கரைத்து வைத்திருந்தான்.

“அம்மா, சேறு தெறிக்கணும். அந்த டூத்பிரஷ் இருக்கா?” என்றான்.

எது என்று நான் கேட்கவில்லை. தேடி எடுத்துக் கொண்டு போய்க் கொடுத்தேன்.